புன்னை நிழலில் மயிலையின் வசந்தம்

பங்குனி பிறந்துவிட்டால் சென்னை மயிலாப்பூரில் பருவம் மாறுவதை அறியப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. மாட வீதிகளை அடுத்த தெருக்களில் புங்க மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துப் பளபளக்கும் இளந்தளிர்களை அணிகின்றன. அவற்றின் சிறு பூக்கள் பொரி இறைத்தாற்போல நடைபாதையில் உதிர்ந்து கிடக்கின்றன. விடியலில் வாசல் தெளிக்க வருவோரை வேப்பம்பூவின் மெல்லிய மணம் எதிர்கொள்கிறது. மார்கழி, தைப் பனியில் அரிதாகி விலையேறியிருந்த மல்லிகை, வெயில் ஏற ஏறக் கூடை கூடையாகப் பூக்கடைகளுக்கு வந்து சேர்கிறது.

இந்த வசந்தத்தின் ஆதி மலரைக் காண அருள்மிகு கபாலீசுவரர் திருக்கோயிலுக்குள் செல்ல வேண்டும். அங்கே தலவிருட்சமாக விளங்குவது புன்னை. அம்பிகை மயில் வடிவெடுத்து இறைவனைப் பூசித்தது இம்மரத்தின் அடியில்தான் என்பது தலபுராணம். வெண்ணிற இதழ்கள், நடுவே பொன்னிற மகரந்தம், அருகில் சென்றால் உணரத்தக்க இனிய மணம் என அடக்கமே அழகான மலர் அது. புன்னை கடற்கரை மணலில் செழிக்கும் மரம். அதன் விதையிலிருந்து எடுத்த எண்ணெய், முற்காலத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்டது. மயிலை ஒரு காலத்தில் கடலோரச் சோலையாக இருந்ததற்கு அந்த மரமே சாட்சி.

திருஞானசம்பந்தப் பெருமான் இத்தலத்தில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகமும் புன்னை சூழ்ந்த கடற்கரைச் சோலையை நினைவூட்டியே தொடங்குகிறது. சிவநேசரின் அருமை மகள் பூம்பாவை, நந்தவனத்தில் மலர் கொய்யும்போது அரவம் தீண்டி மாண்டாள். குடத்தில் காத்து வைத்திருந்த அவளுடைய சாம்பலின் முன் நின்று, மயிலையின் திருவிழாக்களைக் காணாமலே போய்விடுவாயோ என்று சம்பந்தர் பாடப் பாட, அவள் உயிர்பெற்று எழுந்தாள். அவர் சொன்ன விழாக்களுள் பங்குனி உத்திரமும் ஒன்று. இன்றும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலா புறப்படுவதற்கு முன் இந்நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகிறது.

பூம்பாவை மலர் கொய்த நந்தவனம் போன்றவை இன்று எத்தனை எஞ்சியுள்ளன? கிணறும் பவழமல்லியும் துளசி மாடமும் இருந்த பல வீடுகள் அடுக்ககங்களாகிவிட்டன. 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எஞ்சிய மரங்கள் சிலவற்றைச் சுற்றி, அடிமரம் வரை சிமெண்ட் பூசப்பட்டிருக்கிறது. மழைநீர் இறங்க வழியின்றி வேர் மூச்சுத் திணறுகிறது. வேர் வலுவிழந்த மரம் அடுத்த புயலுக்கு எவ்வாறு நிற்கும்?

இறைவனுக்கு முழம் முழமாகப் பூச்சரம் வாங்கிச் சாத்தும் அன்பர்கள், வாசலில் நிற்கும் மரத்தைச் சுற்றி ஒரு சாண் மண்ணையாவது திறந்துவிடலாம். கோடையில் ஒரு குடம் நீர் வார்க்கலாம். அதன்மேல் ஆணி அடிப்பவரைக் கண்டால் இதமாகத் தடுக்கலாம். நந்தவனம் அமைப்பது பெரிய கைங்கரியம் என்றால், இருக்கும் மரத்தைக் காப்பதும் அதனின் ஒரு கூறே. அந்த மரத்தின் வேப்பம்பூதான் சித்திரை முதல் நாளில் வெல்லத்துடன் கூடிப் பச்சடியாகி, இன்பத்தையும் துன்பத்தையும் ஒன்றாக ஏற்கும் பக்குவத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது.

முதுமையால் கோயில்வரை நடக்க இயலாதோர், விழாக்கூட்டத்தை எண்ணித் தயங்குவோர் பலர். அவர்களுக்கு ஆறுதலாக மயிலையிலேயே அவதரித்த ஒரு நாயனார் இருக்கிறார். வாயிலார் நாயனார் மனத்தையே கோயிலாக்கி, ஞானத்தை விளக்காக ஏற்றி, ஆனந்தத்தைத் திருமஞ்சனமாக ஆட்டி, அன்பை அமுதாகப் படைத்தார். புற மலர் ஏதுமின்றியே அவர் முத்தி பெற்றார்.

ஆகவே, வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்து, உதிரும் வேப்பம்பூவைக் கண்டு, புன்னையடியில் எழுந்தருளியிருக்கும் ஐயனையும் கற்பகாம்பாளையும் நெஞ்சில் நிறுத்தினால் போதும். வசந்தம் அங்கேயே வந்து சேரும். அவன் அருளும் உடன் வரும்.