நரசிங்கம்பேட்டைக் கடைசல்

ஊருக்கு வந்தால் எல்லோரும் கோயில் கோயிலாகப் போவார்கள். நான் போனது நரசிங்கம்பேட்டைக்கு. சிங்கப்பூர் ஜூரோங்கில் பாதி ஆயுள் கிரைண்டிங் மெஷினோடு மல்லுக்கட்டியவனுக்கு, நாயனம் செய்கிற ஆசாரி பட்டறையைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளாது. ஆடுதுறையிலிருந்து குத்தாலம் போகும் சாலையில் வயல்களைத் தவிர எனக்கு அடையாளம் தெரிந்தது குறைவு. ஓட்டு வீடுகள் பெரும்பாலும் மாடி வீடுகளாகிவிட்டன.

அப்படி இடித்ததில்தான் இந்தத் தொழிலுக்கு மரம். நாகஸ்வரக் குழலுக்குப் பச்சை மரம் ஆகாது. ஈரம் வற்ற வற்றக் கோணும், வெடிக்கும். தூணாகவும் உத்தரமாகவும் தலைமுறைக்கணக்கில் நின்று காய்ந்த ஆச்சா மரம்தான் வேண்டும். டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு 1955-ல் பாரி நாயனம் செய்துகொடுத்தவர் இவ்வூர் ரங்கநாதன் ஆசாரி. திமிரி நாயனத்தைவிட நீளம், ஸ்ருதி இறக்கம், சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசியது. மறு வருஷமே பிள்ளை போய்விட்டார். 2022-ல் ஊர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது. கடைசலுக்குக் கயிறு இழுக்க ஆள்தான் வரவில்லை.

சின்ன வயசில் நான் பார்த்த கடைசல் ரொம்ப எளிது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு முனை, நடுவில் மரம். மரத்திலேயே கயிற்றைச் சுற்றி ஒருவர் முன்னும் பின்னும் இழுப்பார். தன் பக்கம் சுழலும்போது ஆசாரி உளியை வைப்பார், திரும்பும்போது எடுத்துவிடுவார். பாதி இழுப்பு வீண். இழுத்த பையன்கள் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள்.

அந்த ஆசாரி செய்த அதே கடைசலுக்கு அவர் மகன் இப்போது மோட்டார் பூட்டியிருக்கிறார். முதலில் ஒரு முனையைப் பிடுங்கிவிட்டு பேரிங்கில் ஷாஃப்ட் போட்டாராம். ஓடியது. ஆனால் ஷாஃப்டின் மயிரிழை ஆட்டம் மரத்திலும் இறங்கியது. உள்துளையும் வெளிக்கடைசலும் ஒரே அச்சில் நிற்காவிட்டால் குழலின் சுவர் ஒரு பக்கம் மெலிந்துபோகும். "பழைய முனை பேசாம நின்னுச்சு தம்பி, மரம்தான் சுத்துச்சு. அதைப் போய் கெடுத்தேன் பாருங்க" என்றார்.

பிறகு செய்த வேலையைத்தான் குனிந்து பார்த்தேன். பழைய முனை அசையாமல் அதே இடத்தில். அதன் கழுத்தில் ஏற்றிய பேரிங் மேல் ஒரு மரப் புல்லி மட்டும் சுழல்கிறது. புல்லியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, மரத்தின் தலையில் இறுக்கிய இரும்புப் பட்டையைத் தள்ளிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான். நாங்கள் மைக்ரான் கணக்குப் பார்த்த சிலிண்டரிக்கல் கிரைண்டரிலும் இரு முனையும் சுழலாமல் நிற்பது இதற்காகவேதான். அந்த மெஷின் விலைக்கு ஆடுதுறையில் வீடு கட்டலாம். இங்கே அரைக் குதிரைத்திறன் மோட்டார், 2 அங்குலப் புல்லியிலிருந்து 10 அங்குலத்துக்கு ஒரு பெல்ட். நிமிஷத்துக்கு 1,440 சுற்று 288 ஆக இறங்குகிறது. ஆச்சாவுக்கு இது போதுமாம். வேகம் கூடினால் உளி சூடேறி மழுங்குகிறது.

கோயம்புத்தூர் லேத் ஒன்று வாங்கிப் போடலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். எனக்கு அது தண்டச் செலவாகத்தான் பட்டது. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஆசாரி கம்பியைக் கழற்றினார், ஆணியில் தொங்கிய கயிற்றை மரத்தில் சுற்றினார், இரு நுனியையும் என் கையில் கொடுத்தார். இழுப்பு சீராக இல்லையென்று கரண்ட் வரும்வரை திட்டு வாங்கினேன்.