வாயிலுக்கு அப்பால்

சிறையினின்று மீண்ட எம் ஊரவர் ஒருவருடன் அலுவலகப் படிகள் பல ஏறினேன். காசநோய்க்கு ஆறு மாதம் இடையறாது மருந்துண்ண வேண்டியவர் அவர். இரண்டு மாதமே உண்டிருந்தார். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்தையே எதிர்க்கும் வலுவைப் பெறலாம். மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசமே. ஆயினும் முன்னைய சிகிச்சைக் குறிப்பு அவர் கையில் இல்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவிக்கோ அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதி வேண்டும். உறுதிக்கு முகவரி வேண்டும். அவருடைய வீடு விற்கப்பட்டுவிட்டது.

“தம்பி, உள்ளே எனக்கு ஓர் இலக்கமாவது இருந்தது” என்றார்.

அன்றிரவு என் தாயார் எங்கள் விறாந்தையில் அவருக்குப் பாய் விரித்தார். மறுநாள் படிவத்தில் எம் முகவரியை எழுதினோம். சிகிச்சைக் குறிப்பையும் அடையாள அட்டையையும் சிறைவாயிலிலேயே கொடுத்தனுப்பினால், விடுதலை ஓர் அயல்வீட்டாரின் இரக்கத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.