ச்சாவோ எண்டால் பெடியன்

லண்டனில் இருக்கிற என்ர மச்சாள் ஒருநாள் வாட்ஸ்அப்பில கதைக்கேக்க, தன்ர றோட்டில நிண்டு கத்துற பெடியளை "சரியான ச்சாவ்கள்" எண்டு திட்டினாள். எனக்குச் "சாவு" எண்டுதான் கேட்டது. அது என்ன எண்டு கேட்டன். கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "எங்கட காவாலி மாதிரி" எண்டாள்.

முழுசாச் சரியில்லை. காவாலி எண்டு நாங்கள் ஒருத்தன்ர நடத்தையைப் பார்த்துத்தான் ஏசுறம். ச்சாவ் வர்க்கத்தைப் பார்த்து ஏசுற சொல். ட்ராக்சூட், பர்பெரி கட்டம் போட்ட தொப்பி, மின்னுற சங்கிலி, அரசாங்க வீட்டுத்திட்டத்தில ஒரு வீடு, "படிக்காத" உச்சரிப்பு. இவ்வளவும் இருந்தால் போதும், நீங்கள் ஒண்டுமே செய்யத் தேவையில்லை. 2004இல் ஒக்ஸ்போர்ட் இதை ஆண்டின் சொல்லாகவே தெரிவு செய்தது. 2011இல் ஓவன் ஜோன்ஸ், உழைக்கும் மக்களை அரக்கராக்கிற சொல்லாக இது எப்படி மாறினது எண்டு ஒரு புத்தகமே எழுதினார்.

இது ஏதோ ஆங்கில வசவின்ர முதல் எழுத்துகளைச் சேர்த்துச் செய்த சொல் எண்டும் கதை இருக்கு. அது பிறகு கட்டின கதை. பெரும்பாலான அகராதிகள் காட்டுற வேர் ரோமானி மொழியில இருக்கு. "ச்சாவோ" எண்டால் பெடியன், மகன். "ச்சாய்" எண்டால் பெட்டை, மகள். ஆயிரம் வருசமளவில் முந்தி இந்தியாவில இருந்து மேற்கே போன ரோமா மக்களின்ர மொழி அது. மனுசனுக்கு மனுஷ், தண்ணிக்குப் பானி, பத்துக்குத் தெஷ். சிங்களத்தில தஹய எண்டு எண்ணிப் பழகின காதுக்கு அந்தத் தெஷ் ஒரு தூரத்துச் சொந்தம்.

இதே சொல் ஸ்பெயினுக்குப் போய் "ச்சவால்" ஆச்சு. அங்க அது ஏச்சே இல்லை. பந்தடிக்கிற பெடியனும் ச்சவால், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ச்சவால். ஹங்கேரியில "ச்சாவோ" எண்டால் 'ஆள்', 'மச்சான்' மாதிரி, "ச்சோய்" பெட்டை. சுவீடனில "ஷேய்" எண்டு தெருப்பேச்சா நுழைஞ்ச சொல், இண்டைக்குப் பத்திரிகையில எழுதுற அளவுக்குச் சாதாரணம். 1984இல் இருந்து ஸ்டொக்ஹோமில் பெண்களுக்கு நடக்கிற 10 கிலோமீற்றர் ஓட்டப்போட்டியின்ர பேரிலேயே அது இருக்கு.

ஒரே வேர், ஒரு நாட்டில செல்லம், ஒரு நாட்டில வசை. இது எங்களுக்குப் புதுசில்லை. யாழ்ப்பாணத்தில பெட்டை எண்டால் சும்மா ஒரு பொம்பிளைப்பிள்ளை. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு முன்னால சொல்லிப் பாருங்கோ, முகம் மாறும். அங்க அது கோழிக்கும் நாய்க்கும். பெடியளும் அப்பிடித்தான். எங்கட அம்மாமாரின்ர காலத்தில "பெடியள் வந்தவை" எண்டால் விளையாட வந்தவை இல்லை.

ஆனால் பெட்டையும் பெடியனும் எங்கட சொந்தச் சொல்லுகள். ச்சாவோ அப்பிடியில்லை, அது ஆரிட்டயோ இருந்து எடுத்த சொல். எடுத்தவை அந்த ஆக்களை எப்பிடி நடத்தினவை எண்டு பார்த்தால் வயிறு பத்துது. இங்கிலாந்தில 1554இல் வந்த சட்டப்படி "எகிப்தியர்" எண்டு நாட்டில தங்கினாலே மரண தண்டனை. ரோமாக்களுக்கு அவை வைச்ச பேர்தான் அது. ஸ்பெயினில 1749இல், ஒரே உத்தரவில் ஆயிரக்கணக்கான ரோமாக்களைப் பிடிச்சு ஆம்பிளையளையும் பொம்பிளையளையும் வேற வேறயா அடைச்சு வைச்சவை. சந்ததியே வரக்கூடாது எண்டதுதான் நோக்கம். சுவீடன் 1914 தொடக்கம் 1954 வரை ரோமாக்கள் நாட்டுக்குள்ள வரவே தடை போட்டது. அது பழங்கதை எண்டால், 2013இல் அங்கத்தைய தென்பகுதிப் பொலிஸ் நாலாயிரத்துக்கு மேற்பட்ட ரோமாக்களின்ர பேரை, குழந்தைகளையும் சேர்த்து, ஒரு பட்டியலில வைச்சிருந்தது வெளிய வந்தது. ஷேய் எண்டு வாய் நிறையச் சொல்லுற நாடு அது.

ரோமானியில இன்னொரு விசயம் இருக்கு, எனக்கு இதில ஆகப் பிடிச்சதும் அதுதான். ச்சாவோ எண்டால் ரோமாப் பெடியன் மட்டும்தான். வெளியாள் வீட்டுப் பெடியனுக்கு "ரக்லோ" எண்டு வேற சொல். அந்தக் கணக்குப்படி பார்த்தால் மட்ரிட்டில ச்சவால் எண்டு கூப்பிடுபடுற முக்கால்வாசிப் பேரும் ரக்லோதான்! இரவல் வாங்கினவை அந்த வித்தியாசத்தை வாங்கேல்லை.

2009 பெப்ரவரியில ஹங்கேரியில ஒரு கிராமத்து ரோமாக் குடும்பத்தின்ர வீட்டுக்கு இரவில நெருப்பு வைச்சு, வெளிய ஓடி வந்த தகப்பனையும் அஞ்சு வயசு மகனையும் சுட்டுக் கொண்டவை. 2008, 2009இல் ரோமா எண்டதுக்காகவே அந்தக் கும்பல் கொண்டது ஆறு பேரை. ஹங்கேரி ரோமாக்களில பெரும்பாலான ஆக்களுக்கு இப்ப ரோமானி தெரியாது; வீட்டிலயும் ஹங்கேரிய மொழிதான். அங்க வளருற ஒரு ரோமாப் பெடியன் ச்சாவோ எண்ட சொல்லை, வகுப்பில பக்கத்தில இருக்கிற ரக்லோவிட்ட இருந்து, ஹங்கேரிய ஸ்லாங் எண்டு நினைச்சுப் பழகுறதும் நடக்கும்.