ஆயில் காக்கும் பெட்டி

கோவை சிங்காநல்லூருக்கு அருகே இருக்கிற அந்தப் பட்டறையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் நடக்கிறது. உள்ளே கண்ணாடி போட்டுத் தடுத்த ஓர் அறை. செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைய வேண்டும். மற்றப் பட்டறைகளில் கை துடைக்கக் கிடக்கும் பனியன் வேஸ்ட்டுக்கு இங்கே இடமில்லை. நூல் பிரியாத துணியைத்தான் பயன்படுத்துகிறார்கள். "ஒரே ஒரு நூல் வால்வுக்குள்ள போனாப் போதுமுங்க, வண்டி திரும்ப வந்து நிக்கும்" என்றார் பட்டறையை நடத்தும் மூத்த மெக்கானிக்.

நான் போனபோது மேஜைமேல் ஒரு சிவிடி பிரிந்து கிடந்தது. முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகள் இல்லாத பெட்டி இது. இஞ்சின் பக்கம் ஒரு புல்லி, சக்கரத்தின் பக்கம் ஒரு புல்லி. ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக நிற்கும் இரண்டு கூம்புத் தட்டுகள். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். விலகினால் நடுவை நோக்கி இறங்கும். ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்குவதால், வேக விகிதம் வெட்டு விழாமல் மாறிக்கொண்டே போகிறது.

அந்தப் பெல்ட்டை என் கையில் கொடுத்தார். சுமார் 400 எஃகுத் தகடுகள், காசுமாலைபோல நெருக்கமாக, இரண்டு வளையக் கற்றைகளில் கோத்திருந்தன. கற்றையில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு வளையமும் கால் மில்லிமீட்டருக்கும் மெல்லியது. சாதாரண பெல்ட் இழுக்கும். இதுவோ தகட்டைத் தகடு தள்ளி விசையைக் கடத்துகிறது. தகட்டின் ஓரமும் புல்லியின் முகமும் பற்றிக்கொள்வதுதான் ஒரே பிடிமானம். பல்லோடு பல் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே கிடையாது.

அந்தப் பிடிமானத்தைத் தருவது ஆயில். பேரிங் தேயாமல் வழுக்க விடவேண்டியதும் அதுவே, பெல்ட்டை வழுக்க விடாமல் நிறுத்தவேண்டியதும் அதுவே, புல்லித் தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் விசையைச் சுமப்பதும் அதுவே. அதனால்தான் ஹோண்டா, நிசான், டொயோட்டா எல்லாம் சிவிடிக்கென்று தனி ஆயில் குறிப்பிடுகின்றன. அவசரத்துக்குச் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட் சறுக்கும். சறுக்கினால் புல்லி முகத்தில் கீறல் விழும். கீறிய முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பயன் இல்லை. பெல்ட்டும் புல்லிகளும் ஜோடியாகவே மாற வேண்டும்.

பட்டறையை நடத்தும் அந்த மெக்கானிக் அண்ணன் தொழில் பழகியது கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில். அதிலும் இதே தத்துவம்தான், ரப்பர் பெல்ட்டோடு. நெதர்லாந்தில் ஹுப் வான் டோர்னே 1958இல் டாஃப் காரில் கொண்டுவந்ததும் ரப்பர் பெல்ட்தான். எஃகுத் தள்ளு பெல்ட்டோடு கார்கள் விற்பனைக்கு வர 1987 ஆனது. ஸ்கூட்டரில் பெல்ட் அறுந்தால் சைடு கவரைக் கழற்றி மாற்றிவிடலாம். காரில் அதே கோளாறு, பெட்டியை இறக்கி முழுவதும் பிரிக்கும் வேலை.

அன்று வந்த ஒரு காரில், எடுக்கும்போது உதறல். சிவிடி வண்டியில் மிதித்தால் இஞ்சின் சத்தம் முன்னால் ஏறி நிற்கும், வேகம் பின்னால் வந்து சேரும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அதையே கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். அது அதன் சுபாவம். ஆனால் சிக்னலில் கிளம்பும்போது உதறுவதும், வேகத்தோடு கூடவே ஏறும் ஊளைச் சத்தமும், ஆர்பிஎம் துள்ளியும் வண்டி நகராததும் உண்மையான நோய்.

"மொதல்ல ஆயிலைப் பாக்கோணுங்க. ஸ்கேனரு அப்பறந்தான்" என்றார் அண்ணன். வடித்த ஆயில் கறுத்திருந்தது, கருகல் வாடை. சம்ப்பின் அடியில் இருக்கும் காந்தங்களை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற மினுக்குத் துகள் இருந்தால், பேரிங்கோ பெல்ட்டோ உடைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இதில் பசை மட்டும்தான். உரிமையாளரின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடிக்கான மேஜை, டிப்ளமோ முடித்த ஓர் இளம்பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது. வால்வுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தங்குதடையில்லாமல் ஓடுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தார். "ஆயில் ஊத்தறதோட முடியாதுங்க சார். சூடு சொன்ன அளவுக்கு வந்தப்பறம்தான் லெவல் பாக்கணும். குறைஞ்சாலும் கெடும், கூடினாலும் கெடும்" என்றார். பல வண்டிகளில் அளவுக்குச்சியே கிடையாது. ஸ்கேனரில் ஆயிலின் வெப்பநிலையைப் பார்த்து, வழியும் துளையில் அளவை முடிக்கிறார்கள். வால்வு பாடியை மாற்றினால் கணினிக்குப் புதிய அளவீடுகளைக் கற்றுக்கொடுக்கும் வேலையும் சேரும்.

சிவிடியைக் கொல்வது வெப்பம். 40 கொண்டை ஊசி வளைவுகளில் வால்பாறைக்கு ஆள் நிறைத்து ஏறும் வண்டி, கோடை நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருக்கும் வண்டி, இவற்றின் ஆயில் சீக்கிரம் சாகும். இப்படிக் கடுமையாக ஓடும் வண்டிகளுக்குப் பல கையேடுகளில் தனி அட்டவணையே உண்டு. அண்ணன் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கைப் போடுங்கள்; முழுதாக நின்றபின்தான் ரிவர்ஸ் போடுங்கள்; வண்டி நின்றுபோனால் முன்சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்காதீர்கள், இஞ்சின் ஓடாதபோது பம்ப் ஆயில் அனுப்பாது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் இதைச் சலிக்காமல் சொல்கிறார்.

சிவிடிக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு வடிவமைப்பும் ஒரு காரணம். அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடிக்கு நிசான் உத்தரவாதத்தை 10 ஆண்டு, 1,20,000 மைல் என்று நீட்டிக்க வேண்டியிருந்தது. 2018இல் டொயோட்டா, வண்டி கிளம்புவதற்கென ஒரு பல்சக்கரத்தையே சேர்த்த சிவிடியை அறிவித்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நேரம் பெல்ட்டுக்கு எவ்வளவு கடினமானது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் நம் ஊரில் எனக்குப் பெரிதாகப்பட்ட குறை வேறு. பெட்டி கெட்டால் முழுப் பெட்டியையே மாற்று என்பதுதான் பல இடங்களில் கிடைக்கும் பதில். ஒரு பேரிங்கோ ஒரு சோலினாய்டோ மாற்றினால் ஓடக்கூடிய பெட்டிகள் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. அண்ணனைப் போன்றவர்கள் உதிரி பாகத்தைத் தேடி அலைகிறார்கள். பழுது நீக்கும் கையேடு இல்லாமல், பிரித்துப் பிரித்தே கற்றிருக்கிறார்கள். மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய பழுது நீக்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் ஒன்று. அந்த உரிமை இந்தக் கண்ணாடி அறை வரைக்கும் வந்து சேர வேண்டும். உதிரி பாகமும், வெப்பநிலை அட்டவணையும், அளவீட்டு மென்பொருளும் நியாயமான விலைக்கு வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும். ஐடிஐ பாடத்தில் சிவிடிக்கு ஒரு மேஜையாவது வேண்டும்.

சிவிடி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தாராளமாக வாங்குங்கள். ஆயிலுக்கு உரிய தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஊரில் இந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் யார் என்பதை, வண்டி உதறுவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.