டிஎக்ஸ் அங்கே, ஆர்எக்ஸ் இங்கே

வியாழன்

மேல் வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருடம். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கீழே சமையலறையிலேயே காட்டும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான். மூளை ஏடிமெகா328பி, கண் அல்ட்ராசோனிக் சென்சார். கல்லூரியில் ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடியது. அந்த போர்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் புதுச் சிப் ஒன்றைத் தனியாக வாங்கி, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு பிரெட்போர்டில் குத்தி வைத்திருக்கிறான். புரோகிராமைக் கல்லூரி லேபிலேயே ஏற்றியாகிவிட்டது. இப்போது சிக்கல், சிப் என்ன சொல்கிறது என்று பார்க்க வழியில்லை.

"ஊனோவுல கேபிளைச் சொருகினா வந்துடுச்சே அங்கிள், இதுல எங்க சொருகறது?"

ஊனோவை எடுத்துவரச் சொல்லி யூஎஸ்பி வாயின் ஓரத்தைக் காட்டினேன். அங்கே சின்னதாக இன்னொரு சிப் உட்கார்ந்திருக்கிறது. இத்தாலிக்காரர்களின் அசல் ஊனோவில் அது ஏடிமெகா16யூ2. மலிவு நகல்களில் பெரும்பாலும் சீனத்து சிஎச்340. நாம் எழுதும் புரோகிராம் ஓடும் பெரிய சிப்புக்கு யூஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டு கால்கள்: 2-ல் கேட்கும், 3-ல் பேசும். மொழிபெயர்ப்பு முழுக்க அந்த ஓரத்துச் சிப்பின் வேலை. யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் என்று தனியாக விற்பது அந்தச் சிப்பைத்தான்.

உடனே மேலே ஓடி, அப்பாவின் கடையில் பழைய பில் மெஷினுக்கு வாங்கிய கேபிளைக் கொண்டுவந்துவிட்டான். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் ஒன்பது முள் கனெக்டர். "இதுவும் யூஎஸ்பி-சீரியல்தானே? எதுக்குப் புதுசு?"

நல்ல கேள்வி. பதிலை மல்டிமீட்டர் சொல்லட்டும் என்று கேபிளை லேப்டாப்பில் சொருகி, 5-ஆம் முள்ளில் கறுப்பு, 3-ஆம் முள்ளில் சிவப்பு வைத்துப் பார்த்தோம். மைனஸ் 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒன்றும் பேசாமல் சும்மா இருக்கும்போதே அப்படி. இது ஆர்எஸ்-232, 1960-ல் எழுதப்பட்ட அமெரிக்க விதி. இதில் '1' என்றால் மைனஸ் 3-லிருந்து மைனஸ் 15 வரை, '0' என்றால் பிளஸ் 3-லிருந்து பிளஸ் 15 வரை. நம் சிப்புக்கோ '1' என்றால் 5 வோல்ட், '0' என்றால் பூஜ்யம். அளவும் வேறு, திசையும் தலைகீழ். ஏடிமெகாவின் கால் தாங்குவது மைனஸ் அரை வோல்ட் வரைதான். இடையில் மேக்ஸ்232 மாதிரி ஒரு சிப்பைப் போட்டால் இந்தக் கேபிளும் பேசும். அந்த வேலைக்குப் புது அடாப்டரே வாங்கிவிடலாம்.

சனி

ரிச்சி தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. "அடாப்டரா? எஃப்டிடிஐ இருக்கு, சிபி2102 இருக்கு, சிஎச்340 இருக்கு. எது சார்?" என்றார் கடைக்காரர். எஃப்டிடிஐ ஒரிஜினலா என்று கேட்டதற்கு, "போர்டு வேலை செய்யும் சார்" என்று பதில் வந்தது. நேர்மையான பதில்தான். அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

பையனுக்கு 2014 கதையைச் சொன்னேன். எஃப்டிடிஐ ஸ்காட்லாந்து நிறுவனம். அதன் எஃப்டி232 சிப்பைப் பார்த்து யாரோ போலி செய்து உலகம் முழுக்க விற்றுவிட்டார்கள். அந்த வருடம் அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த அவர்களுடைய புது டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. அதன்பின் கம்ப்யூட்டருக்கு அது யாரென்றே தெரியாது. எதிர்ப்பு கிளம்பியதும் டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். 2016-ல் வந்த டிரைவர் வேறு வழியில் போனது: போலி வழியாக வரும் தரவுக்குப் பதில், இது அசல் கருவி இல்லை என்ற அறிவிப்பை அனுப்பியது. போலிக்காரன் மேல் அவர்களுக்கு இருந்த கோபம் நியாயம்தான். ஆனால் அடி விழுந்தது அசலா போலியா என்று கேட்கவே தெரியாமல் கருவி வாங்கியவர் மேஜையில். இது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

கடைசியில் சிஎச்340 வாங்கினோம். 3.3 வோல்ட், 5 வோல்ட் மாற்ற ஜம்பர் இருக்கிறதா, பின்னால் தேவைப்படும் டிடிஆர் முனையை வெளியே எடுத்துவிட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தேன். இது 5 வோல்ட் வேலை. நாளைக்கு அவன் ஈஎஸ்பி8266 பக்கம் போனால் ஜம்பரை 3.3-க்குத் தள்ளியாக வேண்டும்.

ஞாயிறு

முதலில் சிப்பைத் தொடவே இல்லை. அடாப்டரின் பேசும் முனையான டிஎக்ஸையும் கேட்கும் முனையான ஆர்எக்ஸையும் ஒரு ஜம்பர் ஒயரால் இணைத்துவிட்டு, டெர்மினலில் எதையாவது தட்டினால் அதே எழுத்து திரும்பி வர வேண்டும். வந்தால் அடாப்டர், கேபிள், டிரைவர் மூன்றும் சரி. இந்தச் சோதனையைச் செய்யாமல் பிரெட்போர்டை நோண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

எழுத்து திரும்பி வரவில்லை. போர்ட்டே இல்லை. பையனின் லேப்டாப்பில் லினக்ஸ். கர்னல் பதிவைப் பார்த்தால் டிடிஒய்யூஎஸ்பி0 என்று ஒரு போர்ட் தோன்றி, அடுத்த நொடியே துண்டிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கியது, பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் ஒரு மென்பொருள். பிரெய்ல் கருவி ஒன்றுக்குள்ளும் இதே சிஎச்340. அடையாள எண்ணும் அதே 1ஏ86:7523. நம் அடாப்டரைப் பார்த்ததும் அது தன் ஆள் என்று நினைத்து எடுத்துக்கொண்டது. அந்த மென்பொருளையே நீக்கிவிடுவது சுலபம். அதற்கு மனம் வரவில்லை. விதிகள் கோப்பில் அந்த எண் உள்ள வரியை மட்டும் முடக்கினோம். சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவிலும் பையனைச் சேர்த்தேன். போர்ட் நின்றது. தட்டிய எழுத்தும் திரும்பி வந்தது.

பிறகு பிரெட்போர்டு. அடாப்டரின் டிஎக்ஸ் சிப்பின் 2-ஆம் காலுக்கு, ஆர்எக்ஸ் 3-ஆம் காலுக்கு. கிரவுண்டை மறக்காமல் கிரவுண்டோடு. புரோகிராமில் வேகம் 9600, டெர்மினலிலும் 9600. வந்தது கட்டமும் கோணல் குறியும்.

சீரியலில் நேரம் சொல்லத் தனி ஒயர் கிடையாது. இரண்டு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து அவரவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சேர்ந்து பாடுவது மாதிரி. 9600-ல் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ நொடி. ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், எட்டு தரவு பிட், முடிவு பிட் என்று பத்து. ஒவ்வொரு தொடக்க பிட்டிலும் கேட்பவர் தன் கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்தில் வைத்துக்கொள்வதால், பத்து பிட் தாண்டுவதற்குள் தடம் புரளாமல் இருந்தால் போதும். இருவருக்கும் இடையே மூன்று நான்கு சதவீதம் வரை பிசகினாலும் பெரும்பாலும் ஒப்பேறிவிடும். அதற்கு மேல் போனால் இந்தக் கோணல் குறிதான்.

"கிரிஸ்டல்தான் போட்டிருக்கேனே அங்கிள்?"

புரோகிராமில் ஒரு நொடிக்கு ஒருமுறை மாறும் எல்இடி இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினோம். 16 நொடி ஆனது. அப்போதே பாதி புரிந்துவிட்டது. சுவரிலிருந்து டேப் வைத்து 96 செ.மீ. தள்ளி சென்சாரை நிறுத்தி, டெர்மினல் வேகத்தை 9600-ஐ 16-ஆல் வகுத்து 600 ஆக்கினேன். எழுத்துகள் தெளிவாக வந்தன: தூரம் 6. எதிரொலி திரும்பும் நேரத்தையும் அதே மந்தக் கடிகாரத்தால்தான் சிப் அளக்கிறது. 96-ஐ 16-ஆல் வகுத்தாலும் 6. பையன் டேப்பையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

தொழிற்சாலையிலிருந்து வரும் ஏடிமெகா328பி, வெளியே எந்தக் கிரிஸ்டலைக் குத்தினாலும் திரும்பிப் பார்க்காது. உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஃபியூஸ் என்ற பெயரில் உள்ளே இருக்கும் சில பிட்டுகளை மாற்றி எழுதினால்தான் வெளிக் கிரிஸ்டலுக்கு மாறும். சீரியல் வழியே ஃபியூஸைத் தொட முடியாது. அதற்குத் தனி புரோகிராமர் வேண்டும்.

செவ்வாய்

என் பழைய யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் பரணில் கிடைத்தது. ஊனோவுக்கான பூட்லோடரை ஏற்றினால் ஃபியூஸும் கூடவே சரியாகிவிடும். 1 மெகாஹெர்ட்ஸ் சிப்பிடம் புரோகிராமர் அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைந்த வேகத்தில்தான் பேச வேண்டும். வேகத்தைக் குறைத்ததும் ஏறியது. அதில் அழிந்த நம் புரோகிராமை மறுபடி ஏற்றியதும் 9600-ல் 96 என்று வந்தது.

இனிப் புது புரோகிராமும் அடாப்டர் வழியே போகும். அதற்குத்தான் டிடிஆர். மோடம் காலத்தில் 'டெர்மினல் தயார்' என்று சொல்ல வைத்த கம்பி. கம்ப்யூட்டர் போர்ட்டைத் திறந்ததும் அது கீழே இறங்கும். நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரைப் போட்டு சிப்பின் 1-ஆம் காலில் கொடுத்தால், அந்த இறக்கம் ஒரு சின்னத் தட்டாகி ரீசெட்டை அழுத்துகிறது. உடனே பூட்லோடர் விழித்துப் புது புரோகிராமை வாங்கிக்கொள்ளும். ஒரு தொல்லையும் உண்டு. சும்மா எட்டிப் பார்க்க டெர்மினலைத் திறந்தாலும் சிப் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்று எண்ணிவைத்திருந்தால் அந்தக் கணக்கு போயே போச்சு. கருவி தயாரானதும் அந்தக் கபாசிட்டரைப் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளி

மேஜையில் எல்லாம் ஓடுகிறது. அடுத்து மாடி. தொட்டியிலிருந்து சமையலறைக்கு மூன்று மாடி ஒயர். பக்கத்திலேயே மோட்டார் லைன். இந்த 5 வோல்ட் சிக்னலை அவ்வளவு தூரம், அதுவும் மோட்டார் பக்கத்தில் இழுக்க எனக்கு நம்பிக்கை இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மேக்ஸ்485 போர்டு வாங்கிவரச் சொன்னேன். ஆர்எஸ்-485 ஒரே சிக்னலை முறுக்கிய இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பி வித்தியாசத்தை மட்டும் படிக்கும். மெதுவான வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். நமக்கு 9600 தாராளம். ஏ, பி என்று முனைகளுக்கு ஆளுக்கொரு விதமாகப் பெயர் வைத்திருப்பார்கள் என்பதையும் சொல்லிவைத்தேன்.

"மாத்திக் குடுத்துட்டா எரிஞ்சிடுமா அங்கிள்?"

எரியாது. குப்பையாக வரும், அல்லது ஒன்றும் வராது. மாற்றிப் போட்டால் பேசும்.