அடைந்த கதவும் அடையாத மனமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

உடலுக்கு வரும் காய்ச்சலை வெப்பமானி காட்டிவிடும். உள்ளத்திற்கு வரும் காய்ச்சலைக் காட்ட எந்தக் கருவி உண்டு? 2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்று நாட்டை உலுக்கியபோது, தொற்றியவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர் என்று மாலைதோறும் கணக்குச் சொன்னார்கள். நோய் தொற்றாமலே வாடிப்போன கல்லூரி மாணவர்களின் கணக்கை மட்டும் எவரும் சொல்லவில்லை. அவர்களைப் பற்றிச் சில சொற்கள் எழுதவே விழைகிறேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஆயினும் கல்லூரி மாணவர் ஒருவரின் ஊரடங்கு நாட்களை மிக அருகிலிருந்து கண்டேன். அவர் எங்கள் எதிர்வீட்டு அண்ணன். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். நகரத்து விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு கணிதம் படித்து வந்தார். மார்ச் 17 முதல் கல்லூரிகள் மூடப்பட்டன. பதினைந்து நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணி, இரண்டு சட்டையும் ஒரு நோட்டுப் புத்தகமும் மட்டும் எடுத்து வந்தார். மார்ச் 24 மாலை ஊரடங்கு தொடங்கியது. மீண்டும் அவர் கல்லூரி வாசலை மிதித்தது டிசம்பர் 7-இல், இறுதியாண்டு மாணவராக! 2021 மார்ச்சில் அந்த வாசலும் மறுபடி அடைபட்டது.

கல்லூரி என்பது வெறும் கட்டடமா? முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு அது இன்னொரு பிறவி என்றால் மிகையாகாது. அங்கே அவனுக்கென்று ஒரு மேசை உண்டு. நூலகத்தில் ஓர் இருக்கை உண்டு. மனம்விட்டுப் பேச ஒரு கூட்டம் உண்டு. அண்ணனின் வீடோ ஒரே அறை, ஐந்து பேர். அழுவதற்குக்கூடத் தனியிடம் இல்லை. தந்தையாருக்குக் கூலிவேலை நின்றுவிட்டது. ஏப்ரலில் ரேஷன் கடையில் கிடைத்த 1,000 ரூபாயும் அரிசி பருப்புமே கைகொடுத்தன. குடும்பம் அப்படி இருக்கையில், ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று ஒரு மகன் எப்படி வாய் திறப்பான்?

இதனினும் கொடியது நிச்சயமின்மை. அண்ணனுக்கு ஒரு தாள் அரியர் இருந்தது. கட்டணம் கட்டியவர்களுக்கு இறுதிப் பருவம் தவிர்த்த அரியர் தேர்வுகள் ரத்து, அவர்கள் தேர்ச்சி என்று 2020 ஆகஸ்டு 26-இல் அரசு அறிவித்தது. அன்று அவர் சிரித்ததைப் பார்த்தேன். பிறகு வழக்கு நீதிமன்றம் சென்றது, சிரிப்பும் போயிற்று. “தோற்றிருந்தால் படிக்கலாம், தேறியிருந்தால் மறக்கலாம். இரண்டும் இல்லாமல் இருப்பதுதான் தம்பி கொடுமை” என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அந்நாளில் பலரும் மாணவர்களுக்கு நியூட்டனை எடுத்துக்காட்டினார்கள். 1665-இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட, வூல்ஸ்தார்ப் என்னும் சொந்த ஊருக்குப் போய் ஒளியையும் ஈர்ப்பையும் நுண்கணிதத்தையும் ஆராய்ந்தாரே, நீ என்ன செய்தாய் என்று கேட்டார்கள். இயற்பியல் மாணவனாகிய எனக்கு நியூட்டனிடம் பக்தி உண்டு. ஆனால் அவர் வீட்டில் நிலபுலன் இருந்தது. நுண்கணிதச் சிந்தனையும் ஊர் திரும்புமுன்பே தொடங்கிவிட்டது. ஈர்ப்பைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்ததோ 1687-இல். ரேஷன் வரிசையில் நிற்கும் பிள்ளையிடம், அடைபட்ட சில மாதங்களில் அற்புதம் செய் என்பது அறிவுரை ஆகாது. அவன் தலையில் ஏற்றும் இன்னொரு சுமையே ஆகும்.

சில வாரங்கள் அண்ணன் பகலெல்லாம் படுத்தே கிடந்தார். அவர் தாயார் மனநூல் படித்தவரல்லர், கைநாட்டு வைப்பவர். அவர்தாம் மருந்து கண்டார். “சும்மா படுத்துக் கிடக்காதப்பா. இந்தப் புள்ளைங்களுக்காவது நாலு எழுத்து சொல்லிக் குடு” என்றார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் வகுப்பு தொடங்கியது. நாங்கள் ஏழு பேர். முகத்தில் துண்டு, ஆளுக்கு ஆள் இரண்டு முழ இடைவெளி. கண்ணாடித் தம்ளரில் நீர் ஊற்றி, பென்சிலை விட்டு ஒளிவிலகலைக் காட்டினார். நான் இயற்பியலுக்கு வந்தது அந்தத் தம்ளரின் வழியாகத்தான். நான்கு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்பதால் அவர் மூன்று மணிக்குக் குளித்தார், முகம் மழித்தார், முதல்நாள் இரவே பாடம் பார்த்து வைத்தார். வடிவிழந்து கிடந்த அவருடைய நாளுக்கு நாங்கள் வடிவம் கொடுத்தோம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

மற்றொரு துணையும் அவருக்கு இருந்தது. அவருடைய பேராசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் அழைப்பார். பாடத்தைப் பற்றிக் கேட்கும் முன், “சாப்பிட்டாயா? அப்பாவுக்கு வேலை கிடைத்ததா?” என்று கேட்பார். ஏரிக்கரையில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்திற்காக அண்ணன் அரை மணி முன்பே போய்க் காத்து நிற்பார்.

எல்லோருக்கும் இப்படி வாய்த்ததா? இல்லை. அவருடன் படித்த மாணவி ஒருவருக்கு அந்த ஆவணியிலேயே திருமணம் முடித்துவிட்டார்கள். நண்பர் ஒருவர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். கல்லூரி திறந்தபோது அவ்விரு இருக்கைகளும் காலியாகவே இருந்தன. அவர்களை மனவுறுதி அற்றவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்றில் விழுந்தவனிடம் ‘தைரியமாக இரு’ என்று சொல்லிவிட்டுப் போனால் போதுமா? கயிறு வேண்டாமா?

ஆகவே நான் கண்ட உண்மை இதுதான். மனம் தன்னைத்தானே தூக்கி நிறுத்திக்கொள்வது அரிது. ‘நீ எங்களுக்கு வேண்டும்’ என்று நான்கு பேர் காத்திருக்கும்போது அது எழுந்து நிற்கிறது. அந்த அண்ணன் இன்று ஒரு பள்ளியில் கணித ஆசிரியர்.

தோழர்களே! ஊரடங்கு போய்விட்டது, உள்ளத்தை அடைத்துக்கொண்டு நம்மிடையே அமர்ந்திருப்போர் இன்னும் போகவில்லை. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 2022 அக்டோபர் முதல் உள்ளது. அதை ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் எழுதி வைப்போம். மூன்று நாள் தொடர்ந்து வராத நண்பனின் வீட்டிற்கு நான்காம் நாள் ஒருவர் போவோம். வருகைப் பதிவேட்டில் அவனுக்கு ‘ஆப்சென்ட்’ விழுவதற்கு முன் நம் குரல் அவன் காதில் விழட்டும்.