பத்மினிக்குப் புது ஸ்டியரிங்

என்னிடமுள்ள பிரீமியர் பத்மினியின் ஸ்டியரிங் வளையம் வெயிலில் வெடித்து விரலைக் கிள்ளத் தொடங்கியதும், மரப்பிடியும் அலுமினிய ஆரக்கால்களும் கொண்ட நார்டி பாணிச் சக்கரம் ஒன்றை மாட்டுவதென்று நிச்சயித்தேன்.

இவ்வகைச் சக்கரங்கள் ஸ்டியரிங் தண்டின்மேல் நேரே அமர்வதில்லை. தண்டின் பல்வரிசைக்குப் பொருந்தும் ‘பாஸ்’ என்ற இடைத்துண்டு வேண்டும். அதிலும் மோமோ நிறுவனச் சக்கரத்தின் ஆறு போல்ட்டுகள் 70 மில்லிமீட்டர் வட்டத்திலும் நார்டியின் ஆறு 74 மில்லிமீட்டர் வட்டத்திலும் நிற்பதால், ஒன்றுக்குத் துளையிட்டது மற்றொன்றுக்கு உதவாது.

மெக்கானிக், முன் சக்கரங்களை நேராக நிறுத்தி, பாட்டரி இணைப்பைக் கழற்றி, நடு நட்டைத் தளர்த்திய பின்னும் அதை முற்றும் எடுக்காமல் இரண்டு மரை விட்டுவைத்தார். “இல்லேன்னா புடுங்குற வேகத்துல மூஞ்சியிலயே அடிக்கும் சார்!” ஹார்ன் ஒயரை இணைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

சக்கரம் சிறுத்ததில், தண்டோடு ஒட்டிய கியர்க் கம்பி இப்போது வளையத்துக்கு வெளியே சற்று அசங்கியமாகத் துருத்தி நிற்கிறது, அது போகட்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் 400 மில்லிமீட்டர் வளையத்தை 350 ஆகக் குறைத்தால் கை தரவேண்டிய பலம் ஏழில் ஒரு பங்கு கூடும் என்பது நெம்புகோல் சாஸ்திரம். நெடுஞ்சாலையில் தெரியாத அந்த வித்தியாசத்தை, கோடம்பாக்கத்துச் சந்தில் வண்டியைத் திருப்பும்போது தோள்பட்டை சொல்லிவிடும்.

ஆகையால், அழகை உத்தேசித்து மிகச் சிறியதை வாங்காதீர்கள். கழற்றிய பழையதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள், வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் அதைக் கேட்பார்.